கொலனியில் சர்வசன வாக்குரிமை

சிறீஸ்கந்தராசாவுக்குச் சனநாயகத்தின்மேல் திடீரென்று பற்று வந்ததற்குக் காரணம் புடலங்காய்.

அவர் டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் பெடெல். கதவு, குழாய், விளக்கு, பிள்ளைகள் அடைத்துவைக்கும் கழிவறை எல்லாவற்றுக்கும் பொறுப்பான ஆள். இடுப்பில் நாற்பது திறப்புகள் கிலுங்க நடப்பார். அந்தக் கிலுங்கல் கேட்டால் ஒன்பதாம் வகுப்புக்காரர்கள்கூடச் சிகரெட்டை மறைப்பார்கள். அந்த மரியாதை பள்ளிக்கூடத்து மதிலோடு சரி. நகரத்தின் ஓரத்தில் அவருக்கு ஒரு தோட்டத்துண்டு இருந்தது. அங்கே அவரை மதிக்க ஆளில்லை.

அறுபத்துநான்கு துண்டுகள் கொண்ட தோட்டக் குடியிருப்பு அது. டேனிஷ்காரர் 'கொலொனிஹேவ' என்பார்கள். தமிழருக்கு அது வெறும் 'கொலனி'. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மரக்குடில், சுற்றிவரச் செடிவேலி, ஒரு கொடிக்கம்பம். கோடை முழுக்கச் சனம் அங்கேதான் கிடக்கும். பன்னிரண்டு துண்டுகள் தமிழர் கையில். மிச்சம் ஐம்பத்திரண்டும் டேனிஷ்காரருடையவை.

சிறீஸ்கந்தராசா தன் துண்டில் ஒரு பிளாஸ்டிக் கூடாரம் கட்டி, அதற்குள் புடலங்காய் வளர்த்தார். டென்மார்க்கில் புடலங்காய் வளர்ப்பது லேசான காரியமில்லை. மார்ச்சிலேயே வீட்டு ஜன்னலோரம் விதை போட்டு, போர்வை சுற்றி, பிள்ளை வளர்க்கிறமாதிரி வளர்த்துக் கூடாரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு வருடம் காய் ஒன்றரை மீற்றர் வந்தது. அந்த வருடம்தான் கூர்ட் உள்ளே வந்தார்.

கூர்ட் ஓய்வுபெற்ற காணி அளவையாளர். கொலனி நிர்வாகத்தில் வேலிகளுக்குப் பொறுப்பானவர். கால்சட்டைப் பையில் எப்போதும் ஒரு மடக்கும் அளவுகோல் இருக்கும். கூடாரத்தின் உச்சிக்கு அதைப் பிடித்துப் பார்த்தார்.

"இரண்டு மீற்றர் அறுபத்தைந்து," என்றார். "விதிப்படி இரண்டு இருபது."

"இரண்டு இருபதில் கட்டினால், உள்ளே பந்தல் தாழ்ந்து காய் நிலத்தில் முட்டும்," என்றார் சிறீஸ்கந்தராசா தன் டேனிஷில். "முட்டினால் வளையும்."

"வளைந்தால் என்ன? சாப்பிட முடியாதா?"

சிறீஸ்கந்தராசாவிடம் இதற்கு டேனிஷில் பதில் இருக்கவில்லை. வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்தார், தமிழிலும் இருக்கவில்லை. அதுதான் அவரை மிகவும் எரிச்சல்படுத்தியது.

நிர்வாகத்துக்கு முறையீடு எழுதினார். நிராகரித்தார்கள். அப்போதுதான், நிர்வாகத்தை மாற்றினால் ஒழிய இந்த நாற்பத்தைந்து சென்ரிமீற்றருக்கு விடிவு இல்லை என்று அவருக்குப் பட்டது. கொலனித் தலைவர் பிரேபனுக்கு எண்பது வயது. முழங்கால் இரண்டும் பழுது. இன்னும் இரண்டு வருடத்தில் விலகுவார் என்று கதை. அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்தால்?

கணக்குத்தான் இடித்தது. கொலனியில் ஒரு துண்டுக்கு ஒரு வாக்கு. பத்திரத்தில் யார் பெயரோ அவருக்கு. தமிழருக்குப் பன்னிரண்டு, மற்றவர்களுக்கு ஐம்பத்திரண்டு.

வழி சொன்னவர், அங்கே ஒரு துண்டு வைத்திருந்த தவராஜா. பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். ஒருகாலத்தில் ஊரில் சரித்திரம் படிப்பித்தவர். முப்பது வருடம் பஸ் ஓட்டினாலும் சரித்திரம் படிப்பிக்கும் குரல் போகவில்லை.

"ஐசே, ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தொண்டிலை என்ன நடந்தது?" என்று கேட்டார்.

"எனக்கெப்பிடித் தெரியும் அண்ணை?"

"இலங்கை வெள்ளைக்காரன்ரை கொலனி. அப்ப காணி உள்ளவனுக்கும் படிச்சவனுக்கும்தான் வாக்கு. முப்பத்தொண்டிலை இருவத்தொரு வயசு வந்த எல்லாருக்கும் வாக்கு எண்டு குடுத்தான். ஆம்பிளை, பொம்பிளை, கூலிக்காரன், பணக்காரன் எண்டு பாக்கேல்லை. சர்வசன வாக்குரிமை! ஆசியாவிலேயே முதல்முதல் எங்கடை ஆக்கள்தான். இப்ப இந்தக் கொலனியைப் பாரும். காணி உள்ளவனுக்குத்தான் வாக்கு. இன்னும் முப்பத்தொண்டே வரேல்லை."

சிறீஸ்கந்தராசா தலையை நிமிர்த்தினார். தமிழ்த் துண்டு ஒவ்வொன்றிலும் நாலைந்து பேர். பிள்ளைகள் எல்லாம் பதினெட்டுத் தாண்டியவர்கள். ஆளுக்கொரு வாக்கென்றால் தமிழ் வாக்கு ஐம்பதைத் தாண்டும். டேனிஷ்காரர் பாதிப்பேர் கூட்டத்துக்கே வருவதில்லை.

"எவ்வளவு நல்ல கொள்கை அண்ணை இது," என்றார், மனதார.

அடுத்த சித்திரையில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில், பதினெட்டு வயது வந்த ஆளுக்கொரு வாக்கு என்று அவர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். பேச்சின் சரித்திரம் தவராஜாவினுடையது. டேனிஷ், ஓகூஸ் நகரத்தில் சட்டம் படிக்கும் மகள் சாரங்காவினுடையது. உணர்ச்சி மட்டும் அவருடையது. "டென்மார்க் பெண்களுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினைந்தில் வாக்குக் கிடைத்தது," என்று தொடங்கினார். "நான் பிறந்த நாட்டில் முப்பத்தொன்றில். நம் கொலனிப் பெண்கள் இன்னும் காத்திருக்கிறார்கள்!" சொல்லும்போது குரல் தானாகத் தழுதழுத்தது. தான் எதற்காகப் பேசுகிறோம் என்பதே அவருக்கு ஒரு கணம் மறந்துபோயிற்று.

கூர்ட் எழுந்து, "ஒரு வேலிக்கு ஒரு வாக்கு. இத்தனை காலம் அதில் என்ன குறை?" என்றார்.

பன்னிரண்டாம் துண்டு இங்கர் எழுந்தார். கால் நூற்றாண்டு தபால் விநியோகித்த, உயரமான மனுஷி. "முப்பத்தொரு வருடமாக நான் களை பிடுங்குகிறேன்," என்றார். "ஹான்ஸ் கை தூக்குகிறார்."

பக்கத்தில் இருந்த கணவர் ஹான்ஸ் தன் கையைப் பார்த்தார். கூட்டம் சிரித்தது. வாக்குரிமை இருந்த ஆண்கள் எல்லோருக்கும் பக்கத்தில் மனைவிமார் இருந்தார்கள். திருத்தம் நாற்பத்தொன்றுக்கு ஒன்பதாக நிறைவேறியது. இங்கர் வந்து சிறீஸ்கந்தராசாவைக் கட்டிப்பிடித்தார். அவர் தலை இங்கரின் தோளளவுக்குத்தான் வந்தது.

அன்று வீட்டுக்குப் போகும்போது மனைவி புஷ்பராணி கேட்டாள்: "அப்ப எனக்கும் இனி வாக்கிருக்கோ?"

"உமக்காகத்தானே இவ்வளவும்," என்றார் அவர்.

புஷ்பராணிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. இருபது வருடமாக டேனிஷ் கிழவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பாட்டி, அவர்களுடைய கோபதாபங்களைக் கேட்டு வந்தவள். கொலனியிலும் அவளுக்கு அதே வேலைதான், சம்பளம் மட்டும் இல்லை. இன்னாரின் கால் வீங்கியிருக்கிறது, இன்னாருக்கு மருந்து மாறிவிட்டது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். கூடாரத்துக்குள் புடலங்கொடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த புருஷன் இதைக் கவனித்ததில்லை.

இந்த வருடம் பிரேபன் விலகினார். தலைவர் பதவிக்குக் கூர்ட் நிற்பதாக அறிவித்தார். மறுநாளே சிறீஸ்கந்தராசாவும் அறிவித்தார்.

பிரசாரத்துக்குத் தமிழ் வீடுகளை மட்டும் எடுத்துக்கொண்டார். முதலில் பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்த யோகராஜா வீடு. முன்பென்றால் யோகராஜாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"ஜெபிச்சுப் போட்டுச் சொல்லுறன் அண்ணை," என்றார் யோகராஜா.

"ஜெபியும். ஆனா ஞாயிற்றுக்கிழமைக்குள்ளை ஜெபியும்."

"நான் ஒராள் ஜெபிச்சுக் காணாது அண்ணை. இப்ப ஆளுக்கொரு வாக்கெல்லோ. வீட்டிலை அஞ்சு பேர். அஞ்சு பேரும் தனித்தனியா ஜெபிக்க வேணும். ஒவ்வொருத்தருக்கும் கர்த்தர் என்ன சொல்லுவாரோ."

யோகராஜாவின் மகள் டிலக்ஷி, பல்கலைக்கழகத்துப் பிள்ளை, மேசையின் மறுபக்கத்திலிருந்து டேனிஷில் கேட்டாள்: "அங்கிள், உங்கள் கொள்கைகள் என்ன?"

சிறீஸ்கந்தராசா கொஞ்சம் யோசித்தார். "முன்னேற்றம்," என்றார்.

"எதில்?"

"உயரத்தில்."

டிலக்ஷி எதையோ போனில் குறித்துக்கொண்டாள். என்ன குறித்தாள் என்று அவருக்குத் தெரியவில்லை. நல்லதாக இருக்காது என்று மட்டும் பட்டது.

போன வீடெல்லாம் இதே கதைதான். அவர் வரவேற்பறையில் ஆணோடு கதைப்பார், ஆண் தலையாட்டுவார். தேத்தண்ணி கொண்டுவரும் மனைவி தட்டை வைத்துவிட்டுப் போகாமல் நின்று கேட்பாள்: "பொதுக் கழிவறையின்ரை பூட்டு உடைஞ்சு ரெண்டு வருஷம். நீங்கள் வந்தால் திருத்துவீங்களோ?" நாற்பது திறப்பு வைத்திருக்கும் மனிதர் "பாப்பம் தங்கச்சி" என்பார். எழுந்து வரும்போது அந்த வீட்டின் நாலு வாக்கையும் மனதுக்குள் தன் பெயரில் போட்டுக்கொள்வார். கடைசியில் ஐம்பத்துமூன்று வந்தது. தவராஜா அதைச் சரிபார்த்து, "அசைக்கேலாது," என்றார்.

கூட்டம் ஒரு ஞாயிறு பகல். கொலனியின் பொதுமண்டபத்தில் நாற்காலி போதவில்லை. நூற்றுப் பன்னிரண்டு பேர். டேனிஷ்காரர் வரமாட்டார்கள் என்ற கணக்கு வாசலிலேயே பிழைத்தது. முதல்தடவையாக வாக்குக் கிடைத்த மனைவிமார், நல்ல உடுப்புடன், உதட்டுச் சாயத்துடன் வந்திருந்தார்கள். சிலர் புருஷன்மாரை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

புஷ்பராணி சமையலறையில் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். நூற்றைம்பது ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்திருந்தாள். புருஷன் ஜெயித்தால் கொண்டாட்டம், தோற்றால் சாப்பாடு என்பது அவள் எண்ணம்.

பிரேபன் தடியை ஊன்றி எழுந்து, "இரண்டு பேர் போட்டியிடுகிறார்கள். வேறு யாரையாவது முன்மொழிகிறீர்களா?" என்று கேட்டார்.

இங்கர் கை தூக்கினார். "நான் புஷ்பராணியை முன்மொழிகிறேன்."

ஐந்தாறு பெண்கள் ஒரே நேரத்தில் கைதட்டினார்கள். யாரோ சமையலறைக்குள் ஓடிப்போய்ப் புஷ்பராணியை இழுத்துவந்தார்கள். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, ஏதோ சாமான் முடிந்துவிட்டதாக்கும் என்ற முகத்தோடு அவள் வந்து நின்றாள். விஷயத்தைக் கேட்டதும் நேரே புருஷனைப் பார்த்தாள்.

சிறீஸ்கந்தராசா முதலில் திகைத்தார். பிறகு மூளை வேலை செய்தது. டேனிஷ் பெண்கள் கூர்ட்டுக்குப் போட இருந்தவர்கள். அவர்கள் புஷ்பராணிக்குப் போட்டால் கூர்ட்டின் வாக்கு உடையும். தமிழ் வாக்கு ஐம்பத்துமூன்றும் தனக்குத்தான். கடவுளே பார்த்து இங்கரின் கையைத் தூக்கியிருக்கிறார்.

"ஓம் எண்டு சொல்லும்," என்றார் மனைவியின் காதோரம்.

"உங்களுக்கு எதிராவோ?"

"சும்மா நில்லும். எல்லாம் கணக்குப் பாத்துத்தான் சொல்லுறன்."

புஷ்பராணி, "சரி, நிற்கிறேன்," என்றாள் டேனிஷில்.

வேட்பாளருக்கு மூன்று நிமிடம். கூர்ட் வேலிகளைப் பற்றிப் பேசினார். வேலி உயரம் ஒன்று இருபது என்றால் ஒன்று இருபது, ஒன்று இருபத்தொன்று அல்ல என்றார். சிறீஸ்கந்தராசா போன வருடப் பேச்சையே மறுபடி பேசினார். பதினைந்தில் டென்மார்க், முப்பத்தொன்றில் இலங்கை. இந்தமுறை குரல் தழுதழுக்கவில்லை. கைதட்டினார்கள், மரியாதைக்கு.

புஷ்பராணி எழுந்து, "எனக்குப் பேச்சு ஒன்றும் இல்லை," என்றாள். "கேளுங்கள், தெரிந்தால் சொல்கிறேன்."

சனம் கேட்கத் தொடங்கியது. கழிவறைப் பூட்டு? "நாளைக்கே மாற்றலாம். என் கணவரிடம் சாமான் இருக்கிறது." குளிர்காலத்தில் மூடிய தண்ணீரைத் திறப்பதை ஒரு கிழமை முந்தலாமா? "உறைபனி இல்லாவிட்டால் முந்தலாம். முதல் குழாய் வெடித்தால் என்னைத் திட்டுங்கள்." முழங்கால் ஏலாதவர்கள் வேலி வெட்டுவது எப்படி? "கொலனியில் இருபது வயதுப் பிள்ளைகள் முப்பது பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இன்று வாக்கு இருக்கிறது. வாக்கிருப்பவர்கள் கத்தரிக்கோலும் பிடிக்கலாம்." இளசுகள் இருந்த பக்கத்திலிருந்து முனகலும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

கூர்ட் எழுந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் அளவுகோல் எப்போதும் பையில் உறுத்திக்கொண்டிருந்தது. "உங்கள் சொந்தத் தோட்டத்தில் ஒரு கூடாரம் நாற்பத்தைந்து சென்ரிமீற்றர் கூடுதலாக நிற்கிறதே. அதை என்ன செய்வீர்கள்?"

சிறீஸ்கந்தராசா மனைவியைப் பார்த்தார். முப்பத்திரண்டு வருடத் தாம்பத்தியம் முழுவதையும் அந்தப் பார்வையில் வைத்துப் பார்த்தார்.

புஷ்பராணி பெருமூச்சு விட்டாள். "எல்லோருக்கும் இரண்டு இருபது என்றால் எங்களுக்கும் இரண்டு இருபதுதான். குறைக்கச் சொல்லுவேன்," என்றாள். மனதில் நெடுநாள் கிடந்ததையும் சேர்த்துச் சொன்னாள்: "உண்மையைச் சொன்னால், எங்கள் வீட்டில் அவரைத் தவிர ஒருவரும் புடலங்காய் சாப்பிடுவதில்லை."

மண்டபம் வெடித்தது. ஹான்ஸ் கண்ணைத் துடைத்தார். சாரங்கா முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு குலுங்கினாள். டேனிஷ்காரர் சிரித்தது சிறீஸ்கந்தராசாவுக்குப் பெரிதாகப் படவில்லை. தமிழ்ப் பெண்கள் அத்தனை பேரும் அவர்களைவிட ஒரு படி மேலாகச் சிரித்ததுதான் நெஞ்சில் தைத்தது. ஐம்பத்துமூன்று என்ற எண் அவர் கண்முன்னால் கரைந்தது.

தவராஜா பக்கத்தில் சரிந்து, "பகிஷ்கரிப்பம்," என்றார் மெதுவாக.

"என்ன?"

"முப்பத்தொண்டிலை யாழ்ப்பாணம் என்ன செய்தது? தந்த சுதந்திரம் காணாது எண்டு தேர்தலைப் பகிஷ்கரிச்சது. எழும்பும்."

சிறீஸ்கந்தராசா எழும்பினார். நாற்காலி சத்தமாகப் பின்னால் போனது. "இந்தத் தேர்தலை நான் பகிஷ்கரிக்கிறேன்!" என்றார். பகிஷ்கரிப்புக்கு டேனிஷ் சொல் வாயில் வராததால் அதைத் தமிழிலேயே சொன்னார். டேனிஷ்காரர் அவர் கழிவறைக்குப் போகிறார் என்று நினைத்து வழி விட்டார்கள். பன்னிரண்டு தமிழ் வீட்டு ஆண்களும் தன் பின்னால் வருவார்கள் என்று எண்ணி வாசலில் திரும்பிப் பார்த்தார். தவராஜா மட்டும் வந்துகொண்டிருந்தார். மற்றவர்கள் ரோல்ஸைப் பார்த்தபடி இருந்தார்கள். யோகராஜா கண்ணை மூடியிருந்தார், ஜெபமாக இருக்கலாம்.

வெளியே ஆலங்கட்டி மழை. சித்திரை மாதம் அங்கே எதையும் செய்யும். இருவரும் மண்டபத்தின் கூரை விளிம்புக்குக் கீழே, குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஒண்டினார்கள். மேற்சட்டைகள் உள்ளே மாட்டியில் தொங்கின.

கொஞ்ச நேரம் கழித்துச் சிறீஸ்கந்தராசா கேட்டார்: "அண்ணை, அந்தப் பகிஷ்கரிப்பாலை என்ன கிடைச்சது?"

தவராஜா தொண்டையைச் செருமினார். "வடக்கிலை நாலு ஆசனம் வெறுமையாக் கிடந்தது."

"பிறகு?"

"மற்ற ஆக்கள் போய் இருந்து எல்லாத்தையும் தீர்மானிச்சினம். மூண்டு வருஷம் கழிச்சு, எங்களுக்கும் தேர்தல் வையுங்கோ எண்டு கேட்டு, இடைத்தேர்தல் வைக்க வேண்டி வந்தது."

சிறீஸ்கந்தராசா அவரை உற்றுப் பார்த்தார். "இதை உள்ளுக்கை வைச்சே சொல்லியிருக்கலாமே!"

"நீர் கேக்கேல்லையே."

ஜன்னல் வழியாகப் பார்த்தால், சனம் வரிசையில் நின்று ஒரு சூப்புப் பானைக்குள் கடதாசித் துண்டுகளைப் போட்டுக்கொண்டிருந்தது. கொலனியில் முதல்தடவையாக வாக்குப் போடும் பெண்கள் துண்டைப் பானைக்குள் விட்டபின் ஒரு கணம் நின்று பானைக்குள் எட்டிப் பார்த்தார்கள். இங்கர் துண்டை நாலாக மடித்து, ஹான்ஸ் பார்க்காதபடி கையால் மறைத்துப் போட்டார். சிறீஸ்கந்தராசா ஜன்னலை இன்னும் நெருங்கினார். என்ன இருந்தாலும் இது அவர் கொண்டுவந்த திருத்தம். இந்த வரிசையே அவருடையது. அதில் அவர் மட்டும் இல்லை.

"நான் போறன்," என்று ஓடினார். கதவைத் திறந்தபோது ஈரச் சப்பாத்து வழுக்கியது. வாக்கு எண்ணுபவர்களில் ஒருத்தியாகச் சாரங்கா பானையின் மூடியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, முடிந்துவிட்டது," என்றாள் டேனிஷில்.

"ஒரு துண்டு தா பிள்ளை. ஒண்டே ஒண்டு."

"மூடியாச்சு. விதி விதிதான்."

தலைமுடியிலிருந்து ஆலங்கட்டி உருகி வழிய, அவர் பின்வரிசையில் போய் உட்கார்ந்தார். பிரேபன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். அளிக்கப்பட்ட வாக்குகள் நூற்றுப்பத்து. புஷ்பராணி அறுபத்தாறு. கூர்ட் முப்பத்தேழு. சிறீஸ்கந்தராசா ஏழு.

மண்டபம் எழுந்து நின்று தட்டியது. புஷ்பராணி ஏப்ரனைக் கழற்றுவதா விடுவதா என்று தெரியாமல் அதன் நாடாவை அவிழ்த்து, மறுபடி கட்டினாள்.

காரில் திரும்பும்போது சாரங்கா பின்சீற்றில் காதில் எதையோ மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். கார் கூடன் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியது.

"ஏழு," என்றார் சிறீஸ்கந்தராசா. "ஆர் அந்த ஏழு பேர் எண்டு அறிய வேணும்."

"ஒண்டு நான்," என்றாள் புஷ்பராணி.

அவர் காரை ஓரமாக நிறுத்திவிட்டார்.

"நீர் உமக்குப் போடேல்லையோ?"

"எனக்கு நானே போட வெக்கமாக் கிடந்தது. நீங்கள் வேறை ரெண்டு வருஷமா ஆசைப்பட்டுத் திரிஞ்சனீங்கள். உங்கடை பேருக்குத்தான் புள்ளடி போட்டனான்." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீங்கள் ஆருக்குப் போட்டனீங்கள்?"

"நான் போடேல்லை. வெளியிலை நிண்டனான்."

புஷ்பராணி ஒரு கணம் அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவருக்கும் வந்துவிட்டது. கோபமாக இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தார், வாய் கேட்கவில்லை.

ஆனால் கோபம் மறுநாள் திரும்பி வந்தது, அடுத்த கிழமை ஒரு கடிதமும் வந்தது. கொலனியின் முத்திரையோடு, 'மதிப்புக்குரிய தோட்டக்காரர்' என்று தொடங்கி, கூடாரத்தை மூன்று கிழமைக்குள் விதிக்குள் கொண்டுவரும்படி கேட்டது. கீழே தலைவரின் கையெழுத்து. தலைவர் அதைச் சாப்பாட்டு மேசையில், அவருடைய தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தாள்.

"தபாலிலை போட்டிருக்கலாமே," என்று அன்று பின்னேரம் கத்தினார்.

"முத்திரைச் செலவு கொலனிக்கு மிச்சம்," என்றாள்.

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள், பள்ளிக்கூடத்துக் கொதிகலன் அறைக்குப் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தபோது பாதிப்படியில் நின்றுவிட்டார். விதி உயரத்தைத்தானே சொல்கிறது. ஆழத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே.

சனிக்கிழமை காலையே கூடாரத்தைப் பிரித்து, மண்ணைக் கிண்டத் தொடங்கினார். அறுபத்தொரு வயது முதுகு அரை மணித்தியாலத்தில் வழக்குப் பேசியது. வேலிக்கு மேலால் ஒரு தலை தெரிந்தது. கூர்ட்.

"என்ன செய்கிறாய், சிறீ?"

"நாற்பத்தைந்து சென்ரிமீற்றர் கீழே போகிறேன். வெளியே இரண்டு இருபது. உள்ளே இரண்டு அறுபத்தைந்து."

கூர்ட் வெகுநேரம் அந்தக் குழியைப் பார்த்தார். காணி அளவையாளராக நாற்பது வருடம் இருந்த மனிதரின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. "உயரம் வெளிநிலத்திலிருந்துதான் அளக்கப்படும்," என்றார் தனக்குத்தானே. "பிரிவு ஒன்பது." போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு மண்வெட்டியும் நீர்மட்டப் பலகையும் கொண்டு திரும்பி வந்தார்.

இருவரும் மதியம் வரைக்கும் கிண்டினார்கள். குழியின் நாலு மூலையும் கண்ணில் ஒற்றலாம் போல் நேராக வந்தது. கூர்ட் அப்படித்தான் கிண்டுவார். கரையில் உட்கார்ந்து ஆளுக்கொரு பியர் உடைத்தார்கள்.

"எனக்கு முப்பத்தேழு," என்றார் கூர்ட். "என் மனைவி தான் யாருக்குப் போட்டாள் என்று இன்னும் சொல்லமாட்டேன் என்கிறாள்."

"கேட்க வேண்டாம்," என்றார் சிறீஸ்கந்தராசா. "தெரியாமல் இருப்பது நல்லது."

"அடுத்த தேர்தல் இரண்டு வருடத்தில். முப்பத்தேழும் ஏழும் நாற்பத்துநாலு."

"ஏழு இல்லை. ஆறு. ஒன்று அவளுடையது."

"நாற்பத்துமூன்று," என்று கூர்ட் திருத்தினார். "நீ போடாமல் விட்ட ஒன்றையும் சேர்த்தால் மறுபடி நாற்பத்துநாலு." அறுபத்தாறுக்கு அது போதாது என்பது இருவருக்கும் தெரிந்தது.

சரளைப் பாதையில் காலடிச் சத்தம் கேட்டது. புஷ்பராணி கையில் ஒரு பட்டியலோடு வந்தாள். பின்னால் இங்கர், வாளியும் தூரிகையும் தூக்கிக்கொண்டு. புஷ்பராணி வேலியோரம் நின்று குழியை எட்டிப் பார்த்தாள். மேலும் கீழும் பார்த்தாள். புரிந்ததும் அவள் உதடு ஒருபக்கம் போனது.

"கூர்ட் அளந்தாரா?"

"அளந்தேன். சரியாக இருக்கிறது," என்றார் கூர்ட், எழுந்து நின்று.

"நல்லது. அப்ப ரெண்டு பேருக்கும் நேரம் இருக்கு." பட்டியலில் ஏதோ எழுதிக்கொண்டாள். பிறகு கூர்ட்டுக்கும் விளங்கட்டும் என்று டேனிஷுக்கு மாறினாள். "இன்று பொதுவேலை நாள். வேலிக்கு இளையவர்கள் வந்திருக்கிறார்கள். மண்டபத்துக் கூரைப்பீலியில் போன வருடத்துச் சருகு அடைத்திருக்கிறது. ஏணி வாசலில் இருக்கிறது."

"இண்டைக்கோ?" என்றார் சிறீஸ்கந்தராசா. "புஷ்பா, எனக்கு முதுகு…"

"உங்களுக்கு முதுகு எண்டால் ஏணியைப் பிடியுங்கோ. அவர் ஏறட்டும்."

சொல்லிவிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போய்விட்டாள். அங்கே யாரோ "தலைவர் வருகிறார்" என்று டேனிஷில் சொல்வதும், அவசரமாக எதையோ இழுத்து மூடுவதும் கேட்டது.

கூர்ட் பியரின் மிச்சத்தை ஒரே மிடறில் குடித்தார். சிறீஸ்கந்தராசா முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். இருவரும் ஏணி எடுக்கப் போனார்கள்.